மருந்தடித்த கைகளும் நடுக்குவாதமும்: தோட்டத்துக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

என் அம்மாவின் கோலம் சுருங்கி வருவதை முதலில் கவனித்தது நான் இல்லை, பக்கத்து வீட்டு அக்கா. "முன்பெல்லாம் அம்மா வாசலை அடைத்துப் போடுவார்கள். இப்போது தட்டளவுதான் வருகிறது. மாவு விலை ஏறிவிட்டதா?" என்று கேட்டுச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். இரண்டு ஆண்டுகள் கழித்து, 2016இல், மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு மருத்துவர் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து மெல்லச் சுழற்றிப் பார்த்துவிட்டு நடுக்குவாதம் என்றார். பார்க்கின்சன் நோய். இந்நோய் வந்தவர்களின் கையெழுத்து சிறுத்துக்கொண்டே போகும் என்பதைப் பின்னால்தான் படித்தேன். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அதனால் கோலம் சிறுத்திருக்கிறது.

"முன்பு என்ன வேலை செய்தார்?" என்று அந்த மருத்துவர் கேட்டார். "தோட்ட வேலை" என்றேன். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். 1974 முதல் 1996 வரை, 22 ஆண்டுகள், அம்மா முதுகில் பம்பைச் சுமந்து மருந்தடித்தவர். மருத்துவர் அதைக் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. இந்த வழிகாட்டி எழுத வேண்டும் என்று நான் நினைத்ததே அந்த இரண்டு சொற்களால்தான்.

நாம் அதை மருந்து என்கிறோம். களைக்கு அடிப்பதும் மருந்து, காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து. மலாய்க்காரர்கள் ஒளிவு மறைவில்லாமல் ராச்சுன் என்கிறார்கள், நஞ்சு என்று. தோட்டத்தில் "மருந்துத் தண்ணீர் பட்டுவிட்டது" என்றால் யாரும் வேலையை நிறுத்த மாட்டார்கள். அதையே "நஞ்சு பட்டுவிட்டது" என்று சொல்லிப் பழகியிருந்தால் சில பெண்களாவது கையைக் கழுவப் போயிருப்பார்கள் என்று எனக்கு இன்றும் தோன்றுகிறது. வேறு பெயர் சொன்னால் யாருக்கும் புரியாது என்பதால் நானும் இங்கே மருந்து என்றே எழுதுகிறேன்.

சுங்கை சிப்புட்டைச் சுற்றியிருந்த தோட்டங்களில் மருந்தடித்து, இன்று தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் பேரப்பிள்ளைகளோடு இருக்கும் பெரியவர்களுக்காகவும் அவர்களுடைய பிள்ளைகளுக்காகவும் இதை எழுதுகிறேன். இரண்டு ஏக்கர் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) இன்றும் தானே மருந்தடிப்பவர்கள் ஐந்தாம் படியை முதலில் படித்துவிடலாம். நான் மருத்துவர் இல்லை. தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். அம்மாவுக்காகப் படித்தவற்றையும் பட்டவற்றையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதல் படி: பயத்தை அளந்துகொள்ளுங்கள்

மருந்தடித்தவர்கள் எல்லாருக்கும் நடுக்குவாதம் வருவதில்லை. நடுக்குவாதம் வந்தவர்கள் எல்லாரும் மருந்தடித்தவர்களும் இல்லை. 60 வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு இந்நோய் இருக்கிறது. வாழ்நாளில் பம்பைத் தொடாத கிராணிக்கும் (தோட்டத்து எழுத்தருக்கும்) வரும், வாத்தியாருக்கும் வரும்.

மருந்து அந்த வாய்ப்பைக் கூட்டுகிறது. எவ்வளவு? அமெரிக்காவின் ஐயோவா, வட கரோலினா மாநிலங்களில் மருந்தடிக்கும் விவசாயிகளையும் அவர்களுடைய துணைவியரையும் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களிடமிருந்து எடுத்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், பாராகுவாட் என்ற களைக்கொல்லியைப் பயன்படுத்தியவர்களிடம் நடுக்குவாதம் சுமார் இரண்டரை மடங்கு இருந்தது. ரோட்டினோன் என்ற பூச்சிக்கொல்லிக்கும் அதே அளவு. பாராகுவாட்டைத் தோட்டத்து மக்கள் கிராமாக்சோன் என்ற பெயரில்தான் அறிவார்கள். இரண்டரை மடங்கு என்றதும் நெஞ்சு பதறும். ஆனால் நூற்றில் ஒருவர் என்பது இரண்டு மூன்று பேர் ஆகிறது என்று வைத்துக்கொண்டாலும் மற்ற 97 பேருக்கு வரவில்லை என்றுதான் பொருள். அதே விவசாயிகளை இன்னும் பெரிய எண்ணிக்கையில் ஆராய்ந்து 2020இல் வெளியிட்டபோது, பாராகுவாட்டுக்கு ஒட்டுமொத்தமாக அவ்வளவு தெளிவான உயர்வு தெரியவில்லை. முன்பு தலையில் பலமாக அடிபட்டவர்களிடம்தான் சில மருந்துகளின் தாக்கம் கூடுதலாகத் தெரிந்தது. மருந்தைத் தயாரிப்பவர்கள் தொடர்பே நிறுவப்படவில்லை என்கிறார்கள். அமெரிக்க நீதிமன்றங்களில் ஆயிரக்கணக்கான வழக்குகள் போடப்பட்டிருக்கின்றன. கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் 2009இல் வெளிவந்த ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. மருந்தடிக்காதவர்களாக இருந்தாலும், பாராகுவாட்டும் மேனெப் என்ற பூஞ்சைக்கொல்லியும் அடிக்கப்பட்ட வயல்களிலிருந்து 500 மீட்டருக்குள் குடியிருந்தவர்களுக்கு வாய்ப்பு 75 விழுக்காடு கூடுதலாக இருந்தது. எங்கள் லயத்துக்கும் (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கும்) முதல் மர நிரைக்கும் இடையில் ஒரு வாய்க்கால்தான் இருந்தது.

எப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள அமெரிக்கா வரை போக வேண்டாம், சுங்கை பிளஸ் ஆற்றங்கரைக்குப் போனால் போதும். அந்தக் காலத்தில் தூபா வேரை நசுக்கி, பால் போன்ற சாற்றை ஆற்றில் விட்டு மீன் பிடிப்பார்கள். மீன்கள் மூச்சுத் திணறி மேலே மிதக்கும். தண்ணீரில் காற்று குறைவதால் அப்படி நடப்பதில்லை. உயிரணுக்களுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவை அந்தச் சாறு முடக்கிவிடுகிறது, கிடைக்கும் உயிர்க்காற்றை மீனால் பயன்படுத்த முடிவதில்லை. அந்தச் சாற்றிலிருக்கும் நஞ்சுதான் ரோட்டினோன். மலாயாவில் தூபாவைப் பயிராக்கி, பூச்சிக்கொல்லிக்காக வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்த காலமும் இருந்தது. 2000ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் எலிகளுக்கு இந்த ரோட்டினோனைச் சிறிது சிறிதாகப் பல நாள் செலுத்தியபோது, அவற்றின் மூளையில் நடுக்குவாதத்தில் அழியும் அதே பகுதி அழிந்தது. எலிகள் மெதுவாக நடந்தன, உடல் விறைத்தது. வேரிலிருந்து வந்தது, இயற்கையானது, ஆகவே கெடுதல் இல்லை என்று சந்தையில் யாராவது சொன்னால் எனக்கு அந்த எலிகள்தான் நினைவுக்கு வரும்.

அந்தப் பகுதி நடுமூளையில் இருக்கும் ஒரு சிறிய கறுப்புத் திட்டு. அங்குள்ள உயிரணுக்கள் டோபமின் என்ற பொருளைச் சுரக்கின்றன. கை கால் நினைத்தவுடன் வழுக்கிக்கொண்டு அசைவது அதனால்தான். இந்த அணுக்கள் ஓயாமல் உழைப்பவை, ஆற்றல் குறைந்தால் முதலில் விழுபவையும் இவையே. 1982இல் கலிபோர்னியாவில் கள்ளத்தனமாகத் தயாரித்த போதைப்பொருளை ஏற்றிக்கொண்ட சில இளைஞர்கள் சில நாள்களுக்குள் சிலைபோல் உறைந்து போனார்கள். அதில் தவறுதலாகக் கலந்திருந்த ஒரு வேதிப்பொருள் உடலுக்குள் போய் நஞ்சாக மாறி இந்தத் திட்டை அழித்திருந்தது. அந்த நஞ்சின் வேதியியல் அமைப்பைக் காகிதத்தில் வரைந்து பார்த்தவர்கள் திகைத்தார்கள். அது ஏறத்தாழ பாராகுவாட்டின் சாயலில் இருந்தது.

அந்த இளைஞர்களுக்குச் சில நாள்களில் நடந்தது மருந்தடித்தவர்களுக்கு இருபது முப்பது ஆண்டுகளில் நடக்கலாம் என்பதே ஐயம். கை நடுங்கத் தொடங்கும் நேரத்தில் அந்த அணுக்களில் பாதிக்கு மேல் போயிருக்கும். அதற்குள் தோட்டம் விற்கப்பட்டிருக்கும், கிராணி இறந்திருப்பார், மருந்தின் பெயர் மறந்திருக்கும்.

மறதி நோயைப் பற்றியும் ஒரு சொல். மலேரியாவுக்காக லயத்துச் சுவர்களில் அடித்தார்களே, டிடிடி, அது உடலில் சிதைந்து கொழுப்பில் தங்கும். அந்த எச்சம் அல்சைமர் நோயாளிகளின் இரத்தத்தில் மற்றவர்களைவிடச் சராசரியாக 3.8 மடங்கு இருந்ததாக 2014இல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. நடுக்குவாத ஆய்வுகளைப் போல இதில் சான்றுகள் இன்னும் குவியவில்லை. ஆனாலும் குறிப்பேட்டில் அதற்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.

இரண்டாம் படி: குறிப்பேடு ஒன்று போடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். நோய் வந்தவர்களுக்கு மட்டும் சொல்லவில்லை. நினைவு நன்றாக இருக்கும்போதே, உடம்பு நன்றாக இருக்கும்போதே எழுதி வைக்க வேண்டும். இரண்டு வெள்ளி (ரிங்கிட்) பள்ளிக்கூட நோட்டு போதும்.

பெரியவர்களிடம் "என்ன மருந்து அடித்தீர்கள்?" என்று கேட்டால் "ஏதோ மருந்து" என்றுதான் சொல்வார்கள். பெயரைக் கேட்காதீர்கள். நிறத்தையும் நாற்றத்தையும் உடம்பு பட்ட பாட்டையும் கேளுங்கள். பாராகுவாட் 1962இல் சந்தைக்கு வந்து சில ஆண்டுகளிலேயே மலாயாத் தோட்டங்களுக்கும் வந்துவிட்டது. தொடக்கத்தில் கடுங்காப்பி நிறத்தில் இருந்ததால் குளிர்பானம் என்று நினைத்துக் குடித்தவர்கள் உண்டு. பிறகுதான் நீலப்பச்சைச் சாயமும் குமட்டும் நாற்றமும் வாந்தி வரவழைக்கும் பொருளும் சேர்த்தார்கள். அடித்த மறுநாளே புல் வெந்தது போல் பழுத்ததா? மூக்கில் இரத்தம் வந்ததா? நகம் வெளுத்து, கோணி, கழன்று விழுந்ததா? "ஆமாம், எனக்கு இரண்டு கட்டைவிரலும் போனது" என்று அம்மா சாதாரணமாகச் சொன்னபோது நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அந்த நகங்களை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். பால்வாளி இடித்தது என்று நினைத்திருந்தேன்.

வேறு தடயங்களும் உண்டு. செம்பனையில் கூட்டுப்புழு வந்தபோது மரத்தில் துளை போட்டு ஊசிபோல் மருந்து ஏற்றினார்களா? அது பெரும்பாலும் மோனோகுரோட்டோபாஸ் அல்லது மெத்தமிடோபாஸ், நரம்பைத் தாக்கும் வகை. அடித்தபின் வாயில் எச்சில் ஊறி, கண் சுருங்கி, வயிறு கலங்கியதா? அதுவும் அந்த வகைதான். எலிக்கு வைத்த மெழுகுக் கட்டி இரத்தத்தை உறைய விடாமல் செய்யும் மருந்து, இந்தக் கதையில் அதற்குப் பங்கில்லை. லாலாங் புல்லுக்குப் பின்னாளில் அடித்த கிளைபோசேட் மீது வேறு பல குற்றச்சாட்டுகள் இருந்தாலும் நடுக்குவாதத்தைப் பொறுத்தவரை பாராகுவாட் அளவுக்குச் சான்று சேரவில்லை. இந்த வேறுபாடுகளை எழுதி வைக்காவிட்டால் "தோட்ட வேலை" என்ற இரண்டு சொற்களுக்குள் எல்லாம் புதைந்துவிடும்.

நோட்டில் எழுத வேண்டியவற்றை என் அம்மாவின் பக்கத்திலிருந்தே காட்டுகிறேன்:

"1974, தைப்பூசம் கழிந்து, மருந்துக் கும்பலில் சேர்ந்தது. வாரம் ஆறு நாள். ஒரு நாளைக்குப் பதினைந்து பம்பு, சில நாள் இருபது. பம்பு முதுகில் ஒழுகும், பாவாடை நனையும். 1981 வரை கையுறை இல்லை. பிறகு கொடுத்தார்கள், வேர்க்கிறது என்று கழற்றிவிடுவோம். காலில் செருப்பு. மருந்து கலக்கியது வேறொரு அம்மா, அவர் வராத நாளில் நான். பம்பு நுனி நாசில் அடைத்தால் வாயால் ஊதுவோம். சோறு நிரையிலேயே. துணி மற்ற துணியோடு. சின்னவனை வயிற்றில் சுமந்தபோது ஏழாம் மாதம் வரை அடித்தேன். 1988இல் சரிவில் பம்போடு விழுந்து தலையில் அடி, சிறிது நேரம் நினைவில்லை."

கடைசி வரியைக் கேட்டு வாங்க மூன்று நாள் ஆயிற்று. தலையில் அடிபட்டதற்கும் மருந்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று படித்திருந்ததால்தான் கேட்டேன். நீங்களும் கேளுங்கள். வாயால் ஊதியதையும் கேளுங்கள், தாமாக யாரும் சொல்ல மாட்டார்கள்.

இனிச் சான்றுகள். தோட்டமே இல்லாமல் போனாலும் தாள்கள் பேசும். ஊழியர் சேமநிதியின் பழைய கணக்கு அறிக்கைகளில் எந்த முதலாளி எந்த ஆண்டில் பணம் கட்டினார் என்பது இருக்கும். பெர்கேசோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சந்தாப் பதிவும் அப்படியே. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்க அட்டை, மஞ்சள் பிடித்த சம்பளச் சீட்டு, தோட்டத்து டிரஸ்ஸர் (மருத்துவ உதவியாளர்) எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டு எதையும் எறியாதீர்கள். உங்கள் பிறப்புச் சான்றிதழைப் பாருங்கள், பெற்றோரின் முகவரியாக ஒரு தோட்டத்தின் பெயர் இருக்கும். அதுவும் சான்று. சாட்சிகளைத் தேட வேண்டுமானால் பழைய தோட்டத்துக் கோயில் திருவிழாவைவிட நல்ல இடம் இல்லை. கிள்ளான், பினாங்கு, ஜொகூர் என்று சிதறிப்போன கும்பல் அந்த ஒரு நாளில் கூடும். கைப்பேசியில் குரல் பதிவு செய்துகொள்ளுங்கள், அனுமதி கேட்டுவிட்டு.

மூன்றாம் படி: நடுக்கத்துக்கு முன்னால் வருபவற்றைக் கவனியுங்கள்

கை நடுங்கினால்தான் நடுக்குவாதம் என்று நினைப்பது பெயரால் வந்த வினை. நடுக்கமே இல்லாமல் வருவதும் உண்டு. அதற்குப் பல ஆண்டுகள் முன்பாகவே சில மாற்றங்கள் தலைகாட்டும். மூக்கு முதலில் கைவிடும். பெருங்காயம் தாளிக்கும் மணம் தெரியவில்லை, டுரியான் வீட்டுக்குள் இருப்பதே தெரியவில்லை என்றால் கவனியுங்கள். மலச்சிக்கல் வருடக்கணக்கில் இருக்கும். தூக்கத்தில் கனவோடு சேர்ந்து கத்துவது, உதைப்பது, கட்டிலிலிருந்து விழுவது மிக முக்கியமான அறிகுறி. "பேய் பிடித்தது போல் இரவில் சண்டை போடுகிறார்" என்று மனைவி சொன்னால் பூசாரியிடம் போகும் முன் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பிறகு உடல் மெதுவாகும். நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாமல் தொங்கும். பூ கட்டும் விரல் தடுமாறும், சட்டைப் பொத்தான் நேரம் எடுக்கும், முறுக்கு பிழியும் கை பாதியில் நிற்கும். முகத்தில் சிரிப்பு வராததால் கோபமாக இருக்கிறார் என்று மருமகள் தப்பாக எடுத்துக்கொள்வாள். குரல் தணியும். தோள் விறைப்பு என்று ஓராண்டு எண்ணெய் தேய்த்த கதை பல வீடுகளில் உண்டு. எங்கள் வீட்டிலும். பொதுவாக ஒரு பக்கத்தில்தான் தொடங்கும். நடுக்கம் வந்தால் கை மடியில் சும்மா இருக்கும்போது வரும். டம்ளரைத் தூக்கும்போது மட்டும் நடுங்கினால் அது வேறு வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். தைராய்டாலும் நடுங்கும்.

இன்னொன்றை மறக்காதீர்கள். தலைச்சுற்றலுக்கும் வாந்திக்கும் கொடுக்கும் சில மாத்திரைகள், புரோகுளோர்பெரசின், மெட்டோகுளோபிரமைட், சின்னரிசின் போன்றவை, நீண்ட நாள் எடுத்தால் நடுக்குவாதம் போலவே உடலை விறைக்க வைக்கும். மனநோய்க்கான சில மருந்துகளும் அப்படித்தான். மருத்துவர் மேற்பார்வையில் அவற்றை மாற்றினால் பலருக்குப் படிப்படியாகச் சரியாகும். வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள்.

நான்காம் படி: மருத்துவரிடம் போகும்போது

கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதார நிலையத்தில்) ஒரு வெள்ளிதான். அங்கிருந்து நரம்பியல் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். கடிதம் இல்லாமல் பெரிய மருத்துவமனைக்குப் போய் நிற்பது நேர விரயம். முன்பதிவு நாள் தள்ளித்தான் கிடைக்கும். அதற்குள் நடை, எழுந்திருத்தல், விரல் தட்டுதல் மூன்றையும் ஒரு நிமிடக் காணொளியாகப் பதிவு செய்து வையுங்கள். மருத்துவர் முன்னால் பெரியவர்கள் திடீரென்று நிமிர்ந்து நடப்பார்கள், வீட்டில் நடப்பது போல் நடக்கவே மாட்டார்கள்.

இந்நோயை இரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுக்காது. மருத்துவர் கையால் தொட்டு, நடக்கச் சொல்லிப் பார்த்துத்தான் சொல்கிறார். மூளைப் படம் எடுப்பது பெரும்பாலும் வேறு நோய் இல்லை என்று உறுதி செய்யத்தான். மூளையில் டோபமினாக மாறும் லெவோடோபா மாத்திரைக்கு உடல் நன்றாகத் தெளிந்தால் அதுவே ஒரு சான்று.

குறிப்பேட்டை மேசையில் வைத்து இதைச் சொல்லுங்கள்: "மாக் சாயா டுலு கெர்ஜா செம்பூர் ராச்சுன் டி லாடாங், டுவா புலுஹ் டுவா தாஹுன்." அம்மா முன்பு தோட்டத்தில் நஞ்சு தெளிக்கும் வேலை செய்தவர், 22 ஆண்டுகள். ஆண்டையும் உறவையும் மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். அதை நோயாளிக் கோப்பில் எழுதும்படி கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. சிகிச்சை அதனால் மாறாது. ஆனால் கோப்பில் இல்லாத ஒன்றைப் பின்னால் எந்த வாரியத்திடமும் காட்ட முடியாது.

ஐந்தாம் படி: இன்னும் பம்பைச் சுமப்பவர்களுக்கு

மலேசியா 2002இல் பாராகுவாட்டைத் தடை செய்ய முடிவெடுத்தது. தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களின் நிலையை ஐரீன் பெர்னாண்டஸின் தெனாகனித்தா என்ற பெண்கள் உரிமை அமைப்பு வெளிக்கொணர்ந்த ஆண்டும் அதுவே. 2006இல் தடை விலக்கப்பட்டது. பிறகு 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத் தடை வந்தது. சுவிட்சர்லாந்து 1989இலேயே நிறுத்திவிட்டது, ஐரோப்பிய ஒன்றியம் 2007இல். இடைப்பட்ட ஆண்டுகளில் நம் பக்கத்தில் யார் முதுகில் அந்தப் பம்பு இருந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். இன்று பெரிய தோட்டங்களில் அந்த முதுகு பெரும்பாலும் வங்காளதேசத்து, இந்தோனேசியத் தொழிலாளருடையது. அவர்களிடம் இந்த வழிகாட்டியைத் தமிழில் நீட்டிப் பயனில்லை, வாயால் சொல்லுங்கள்.

பழைய பாராகுவாட் டின் ஏதாவது கொட்டகையில் இருந்தால் அடிக்காதீர்கள், வாய்க்காலில் ஊற்றாதீர்கள், குளிர்பான பாட்டிலுக்கு மாற்றவே மாற்றாதீர்கள். மாவட்ட விவசாய அலுவலகத்தில் கேட்டு ஒப்படையுங்கள்.

மற்ற மருந்துகளுக்கு முதல் கேள்வி, அடிக்கத்தான் வேண்டுமா என்பது. சிறு தோட்டத்தில் புல்வெட்டியால் முடிகிற வேலைக்குப் பம்பைத் தூக்காதீர்கள். அடித்தே ஆக வேண்டும் என்றால் கையுறைதான் எல்லாவற்றிலும் முக்கியம். இதைப் பொத்தாம்பொதுவாகச் சொல்லவில்லை. முன்பு சொன்ன அதே அமெரிக்க விவசாயிகளைப் பற்றி 2015இல் வெளிவந்த பகுப்பாய்வில், பாதி நேரத்துக்கு மேல் கையுறை அணிந்தவர்களிடம் பாராகுவாட்டுக்கும் நடுக்குவாதத்துக்குமான தொடர்பு தெரியவில்லை. அணியாதவர்களிடம் அது மூன்று மடங்குக்கு மேல் போனது. துணிக் கையுறை வேண்டாம், அது நஞ்சை உறிஞ்சித் தோலோடு ஒட்டி வைத்துக்கொள்ளும். நைட்ரைல் கையுறை, முழங்கை வரை. உள்ளே ஓட்டை இருக்கிறதா என்று தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

கலக்கும் நேரம்தான் மிக ஆபத்தானது, ஏனென்றால் அப்போது மருந்து நீர்த்துப்போகாமல் இருக்கிறது. முகக்கவசமும் கண்ணாடியும் அப்போதாவது போடுங்கள். காலில் புண், கையில் கீறல் இருந்தால் அன்று வேலை வேண்டாம். பாராகுவாட் போன்ற மருந்து நல்ல தோல் வழியாக அதிகம் நுழைவதில்லை, புண் வழியாக நன்றாக நுழையும். பம்பின் மூடியும் பட்டையும் ஒழுகினால் அன்றே சரி செய்யுங்கள். நனைந்த முதுகோடும் நனைந்த இடுப்போடும் நாள் முழுதும் நடப்பது நஞ்சில் ஊறுவதற்குச் சமம். அந்தரங்கப் பகுதித் தோல் மருந்தை முன்கைத் தோலைவிடப் பல மடங்கு உறிஞ்சும் என்பதை ஆண்கள் யாரும் சொல்லித் தருவதில்லை. ஆகவே ஒரு பெண் சொல்கிறேன். காற்றை முதுகில் வாங்கி நடந்தால் உங்கள் சாரலுக்குள் நீங்களே போவீர்கள். காற்று பக்கவாட்டில் வரும்படி நிரையைத் தேர்ந்துகொள்ளுங்கள். நாசிலைக் குத்த ஈர்க்குச்சியோ பழைய பல் தூரிகையோ போதும்.

வீட்டுக்குள் நுழையும் முன் குளியுங்கள். துணியைத் தனி வாளியில் ஊறவைத்துத் தனியாகத் துவையுங்கள், துவைப்பவரும் கையுறை போட வேண்டும். மருந்தடித்த அப்பாவின் சட்டையைத் துவைத்த பெண்பிள்ளைகளின் கதையை யாரும் இன்னும் எழுதவில்லை.

மருந்து கண்ணில் தெறித்தாலோ வாயில் போனாலோ ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவுங்கள். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். லேபிளோடு மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இருக்கும் தேசிய நச்சு மையத்தின் எண் 1-800-88-8099. அதைப் பம்பின் மேலேயே எழுதி ஒட்டிவையுங்கள்.

ஆறாம் படி: உரிமை என்று சொல்லத்தக்கவை

பிரான்ஸ் 2012இல் விவசாய மருந்தால் வரும் நடுக்குவாதத்தைத் தொழில்சார் நோயாக ஏற்றுக்கொண்டது. அங்கே ஒரு விவசாயி பத்தாண்டு மருந்தோடு வேலை செய்ததைக் காட்டினால் வழி திறக்கிறது. இங்கே அவ்வளவு எளிதில்லை, ஆனால் கதவு பூட்டப்படவும் இல்லை. வேலைசெய்தபோது பெர்கேசோ பிடித்தம் இருந்தவர்கள் தொழில்சார் நோய்க்கு விண்ணப்பிக்கலாம், முடிவை மருத்துவ வாரியம் சொல்லும். 60 வயதுக்குள் வேலை செய்ய முடியாமல் போனவர்கள் இயலாமைத் திட்டத்தையும் கேட்க வேண்டும். அதற்கு நோய் எதனால் வந்தது என்று நிறுவத் தேவையில்லை. பலர் முதலாவதில் மோதிக் களைத்து, இரண்டாவதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

இப்போதும் தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கு: நலத்துக்குக் கேடான இரசாயனங்கள் பற்றிய 2000ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, மருத்துவக் கண்காணிப்புப் பதிவுகளை முதலாளி 30 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். வேலையை விட்டுப் போகும் நாளில் உங்கள் பதிவின் நகலைக் கேளுங்கள். எங்கள் தோட்டம் கைமாறியபோது கிராணி அறையிலிருந்த தாள்களைப் பின்பக்கம் குவித்து எரித்தார்கள். சிறுவர்கள் சுற்றி நின்று குளிர் காய்ந்தோம்.

ஏழாம் படி: நோய் வந்த வீட்டில்

மாத்திரை நேரம்தான் இனி வீட்டுக் கடிகாரம். லெவோடோபாவைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் கொடுங்கள். பருப்பும் மீனும் முட்டையும் நிறைந்த சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்தால் புரதம் மாத்திரையோடு போட்டி போட்டு அதை உள்ளே விடாது. "மாத்திரை வேலை செய்யவில்லை" என்று சொல்வதில் ஒரு பங்கு இதனால்தான். திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. திருவிழாவுக்கு ஊருக்குப் போகும்போது இரண்டு நாள் மாத்திரை கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள்.

பூனைக்காலி விதையைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். அதில் உண்மையிலேயே லெவோடோபா இருக்கிறது, நம் வைத்தியர்கள் கண்மூடித்தனமாகச் சொல்லவில்லை. அதனாலேயே மாத்திரையோடு சேர்த்து எடுப்பது ஆபத்து. மருந்து இரட்டிப்பாகி, வாந்தியும் மயக்கமும் தானாக உடல் நெளிவதும் வரும். எடுப்பதாக இருந்தால் நரம்பியல் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

உடற்பயிற்சி மாத்திரைக்கு அடுத்தபடி. துணை இல்லாமல் தனியாக நடக்க விடாதீர்கள், ஆனால் நடக்க விடுங்கள். கால் தரையில் ஒட்டிக்கொள்ளும்போது இழுக்காதீர்கள், முன்னால் ஒரு கோடு போட்டு அதைத் தாண்டச் சொல்லுங்கள். அம்மாவுக்காக ஐந்தடி வாசலில் சுண்ணாம்பால் கோடுகள் போட்டிருக்கிறேன். கோலத்தைவிட அதுதான் இப்போது வாசலில் பெரியது. குரலுக்குத் தேவாரத்தை உரக்கப் பாடச் சொல்கிறேன். பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்க வேண்டும் என்பது எங்கள் அளவு. குளியலறையில் கைப்பிடி, இரவில் விளக்கு, தரைவிரிப்பை எடுத்துவிடுவது எல்லாம் நீங்களே செய்வீர்கள். மலேசிய பார்க்கின்சன் நோய்ச் சங்கம் கோலாலம்பூரில் இருக்கிறது, குடும்பத்தினர் பேசிப் பார்க்கலாம்.

சென்ற மாசித் திருவிழாவில், அம்மாவின் குறிப்பேட்டில் வருகிற மருந்து கலக்கிய பெரியம்மாவைக் கண்டுபிடித்தோம். இப்போது கிள்ளானில் மகன் வீட்டில் இருக்கிறார், 79 வயது. கை நடுங்கவில்லை, நடை வேகம், கண்ணாடி இல்லாமல் ஊசி கோக்கிறார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "டின்னில் என்ன படம் போட்டிருந்தது, எந்த ஆண்டில் டின் மாறியது, எல்லாம் எனக்குத் தெரியும். எழுதிக்கொள்ளம்மா" என்றார். நோட்டில் பக்கம் தீர்ந்துவிட்டது. அன்னதானக் கூடத்தில் ரசீதுப் புத்தகம் ஒன்று வாங்கி அதன் பின்பக்கத்தில் எழுதினேன்.